உமையாள் திருப்பிப் பாடிய கதை

கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிடந்த காலம். பவளத்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. அதைச் செங்கோடன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தான். சின்னவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். இது அந்த ராஜாவின் கதை இல்லை. அவன் ஊரில் பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லிவந்த உமையாளின் கதை.

செங்கோடனின் அரண்மனையில் பாடகர்களுக்குக் குறைவே இல்லை. தாத்தா பாடினார் என்று அப்பா பாட வந்தார், அப்பா பாடினார் என்று மகன் பாட வந்தான். பாட்டும் அப்படி வந்ததுதான். ராஜா பிறந்தபோது எதைப் பாடினார்களோ அதையே அவன் கல்யாணத்திலும் பாடினார்கள். அவனுக்கு மகன் பிறந்தபோதும் அதையே பாடினார்கள்.

ராஜாவுக்கு அலுத்துப்போயிற்று. ஒரு நாள் சபையில் சொன்னான்: "வருஷத்தில் ஒரு நாளாவது என் காதில் புதுப் பாட்டு விழ வேண்டும். கப்பல்கள் புறப்படும் கடல் விழா அன்று அரண்மனைப் பாடகர்கள் ஓய்வெடுக்கட்டும். புதுக் கூட்டம் ஒன்று வந்து பாடட்டும்."

புதுக் கூட்டம் என்றால் எப்படிப்பட்டது என்றும் அவனே சொன்னான். இன்னாரின் சீடர்கள் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒருவரும் இருக்கக் கூடாது. எந்தப் பிரபுவின் சோற்றையும் தின்று பாடுகிறவர்களாக இருக்கக் கூடாது. பாட்டையும் தாங்களே கட்டியிருக்க வேண்டும். அப்படி வருகிறவர்களில் ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, விழாவில் பாட வைத்து, பிறகு ஒரு வருஷம் வீடும் நெல்லும் கொடுத்து ஊரிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த ஒரு வருஷம் வயிற்றுக் கவலை இல்லாமல் அவர்கள் பாட்டுக் கட்டலாம்.

தேர்ந்தெடுப்பது யார்? அரண்மனைப் பாடகர்களிடம் விட்டால் தங்கள் மருமகன்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆகவே ராஜா உமையாளை அழைத்தான்.

உமையாள் சின்ன வயதிலிருந்தே பண்களைப் படித்தவள். எந்தப் பண் எங்கே ஏறும், எங்கே இறங்கும், எந்தத் தாளத்துக்கு எத்தனை தட்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். குரல் மட்டும் அவளுக்கு அமையவில்லை. வாயைத் திறந்தால் துருப்பிடித்த கிணற்றுச் சகடை சுற்றுவதுபோல இருக்கும். அதனால் அவள் பாடுவதே கிடையாது. மற்றபடி நேர்மையானவள். வாசலில் யாராவது பழக்கூடையோடு வந்து நின்றால் கதவைத் திறக்கமாட்டாள். கை சுத்தம் என்று ஊரே சொல்லும். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் வருஷம் பல ஊர்களிலிருந்து கூட்டங்கள் வந்தன. அவற்றில் ஒன்று பொற்குடைக் கூட்டம். அவர்கள் வந்த வண்டியின் நுகத்தடியில் வெள்ளிப் பூண். மாட்டுக் கொம்பில் பட்டுக் குஞ்சம். தலைவன் இறங்கும்போது ஒருவன் ஜரிகைக் குடை பிடித்தான். எல்லாரும் ஒரே நிறத்தில் பட்டு உடுத்தி, ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் யாழைத் தூக்கினார்கள். உமையாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு ஒழுங்காக வந்தவர்கள் பாட்டையும் ஒழுங்காகத்தான் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தாள். அவர்களையே தேர்ந்தெடுத்தாள்.

கடல் விழா வந்தது. பவளத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. நீர் ஏறி, கப்பல் கிளம்பும் வரைக்கும் பாட்டு நிற்கக் கூடாது. பொற்குடைக் கூட்டத்திடம் இருந்ததோ மூன்றே பாட்டு. அந்த மூன்றும் ஒன்றைப்போலவே ஒன்று இருந்தன. முதல் சுற்றுப் பாடினார்கள், ஊர் கேட்டது. இரண்டாம் சுற்றுப் பாடினார்கள், பாய்களைச் சுருட்டிக்கொண்டு பாதி ஊர் எழுந்துபோயிற்று. மூன்றாம் சுற்றுப் பாடும்போது மணலில் ராஜாவும் நாய்களும் மட்டும் இருந்தார்கள். ராஜா எழுந்துபோக முடியாதென்பதால் இருந்தான்.

மறுநாள் மீன் சந்தையில் ஒரு பேச்சு பிறந்தது. "உமையாள் அம்மாவுக்குக் காது இருக்க வேண்டிய இடத்திலும் கண்தான் இருக்கிறதுபோல." ஒருத்தி சொன்னாள், பத்துப் பேர் சிரித்தார்கள், சாயங்காலத்துக்குள் உமையாளின் வீட்டு வாசலுக்கே அந்தப் பேச்சு வந்துவிட்டது.

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இனிப் பட்டைக் கண்டு ஏமாறுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டாள். அந்த உறுதியை நாலு பேரிடம் வாய்விட்டும் சொன்னாள். நாலு பேரிடம் சொன்னது நாலு ஊருக்குப் போகாமல் இருக்குமா?

அடுத்த வருஷம் கூட்டங்கள் வந்தன. வடிகட்டி வடிகட்டி, கடைசியில் இரண்டு கூட்டங்கள் நின்றன.

ஒன்று மரகதம் என்ற பெண்ணின் கூட்டம். மரகதமும் அவளுடைய தம்பிகள் இரண்டு பேரும். மூன்று பேரும் மயில் தோகையைச் சுற்றிக்கொண்டு வந்ததுபோல உடுத்தியிருந்தார்கள். நீலத்தில் ஒரு தலைப்பாகை, சிவப்பில் ஒரு மேலாடை, மஞ்சளும் பச்சையும் கலந்து ஓடுகிற ஒரு சேலை. உமையாள் அவர்கள் வாசலில் நுழையும்போதே உஷாராகிவிட்டாள். போன வருஷத்துக் குடை அவள் நினைவில் விரிந்தது.

இன்னொன்று பேச்சிமுத்து என்பவனின் கூட்டம். அவனும் மூன்று கூட்டாளிகளும். கந்தல் வேட்டி, புழுதி படிந்த தலை, ஒட்டுப்போட்ட முழவு. குனிந்த தலை நிமிராமல் வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். உமையாளுக்கு மனம் இளகிவிட்டது. வேஷம் போடத் தெரியாதவர்கள், இவர்களிடம்தான் உண்மையான பாட்டு இருக்கும் என்று நினைத்தாள்.

இரண்டு கூட்டமும் மூன்று மூன்று பாட்டுப் பாடின. உமையாள் பேச்சிமுத்துவின் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். முரசு அறைந்து ஊருக்குச் சொன்னார்கள். இந்தத் தடவை நாம் ஏமாறவில்லை என்று அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் மரகதம் அவள் வீட்டுக்கு வந்தாள். உமையாள் முற்றத்தில் உட்கார்ந்து யாழுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எங்களை எடுக்கவில்லை என்று சண்டைபிடிக்க வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

"கேள்."

"எங்கள் பாட்டில் எந்த இடம் சரியில்லை?"

உமையாள் யாழைக் கீழே வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆடம்பரம் அதிகம்" என்றாள்.

"எந்தப் பாட்டில்? மூன்று பாடினோமே."

"எல்லாவற்றிலும்தான்."

"ஒரு வரி சொல்லுங்கள் அம்மா. இந்த வரியில் ஆடம்பரம் என்று சொல்லுங்கள். அந்த வரியை எடுத்துவிடுகிறேன்."

உமையாள் நினைத்துப் பார்த்தாள். நீலத் தலைப்பாகை நினைவுக்கு வந்தது. சேலையில் மஞ்சள் எங்கே முடிந்து பச்சை எங்கே தொடங்கியது என்பது நினைவுக்கு வந்தது. பெரிய தம்பி உட்காரும்போது மேலாடையை மடியில் சேர்த்துக்கொண்டதுகூட நினைவுக்கு வந்தது. பாட்டில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. மெட்டு வரவில்லை. தாளம் என்ன என்பதும் வரவில்லை. எத்தனையோ பண்களை நெஞ்சில் வைத்திருந்தவளுக்கு, முந்தின நாள் எதிரே உட்கார்ந்து பாடிய பாட்டு அடியோடு இல்லை.

மரகதமே மேலே பேசினாள்.

"எங்களுக்குச் சாயத் தொழில். எங்கள் அப்பா ஒரு வருஷம் கெடு கொடுத்திருக்கிறார். அதற்குள் பாட்டு எங்களுக்கு வருமா வராதா என்று தெரிந்துகொண்டு வரச் சொன்னார். வராது என்றால் சொல்லிவிடுங்கள், போய்த் தொட்டியில் கையை வைக்கிறோம். வரும் என்றால் எங்கே திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டில் ஒன்றும் தெரியாமல் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது?"

"சாயத் தொழிலில் பட்டு உடுத்தும் அளவுக்கு வருமானமா?" உமையாள் பேச்சை மாற்றத்தான் அப்படிக் கேட்டாள்.

மரகதம் தன் சேலைத் தலைப்பைப் பிடித்து நீட்டினாள். "பட்டு எங்கே அம்மா இருக்கிறது? பருத்தி. நிறம் ஓடிப்போய் வீணான துணி. யாரும் வாங்கமாட்டார்கள். வீணானதைத்தான் நாங்கள் உடுத்துவோம். வேறு துணி எங்களிடம் இல்லை."

உமையாள் தொட்டுப் பார்த்தாள். பருத்திதான். காதால் கேட்காதது போகட்டும், கண்ணாலும் அவள் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

"இன்றைக்கு ஊருக்குக் கிளம்பிவிடாதே. சத்திரத்திலேயே இரு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மரகதம் போன பிறகும் உமையாளுக்கு நரம்பு கட்டக் கை ஓடவில்லை. இவர்கள் பாட்டுத்தான் நினைவில்லை, தேர்ந்தெடுத்த பேச்சிமுத்துவின் பாட்டாவது நினைவிருக்கிறதா என்று யோசித்தாள். அதுவும் இல்லை. கந்தல் இருந்தது, புழுதி இருந்தது, ஒட்டுப்போட்ட முழவு இருந்தது. பாட்டு இல்லை. போன வருஷம் திருப்பி அனுப்பிய கூட்டங்களை நினைத்துப் பார்த்தாள். அவர்களில் ஒருவர்கூட இந்த வருஷம் திரும்ப வரவில்லை. கலைந்து போனார்களா, வேறு ஊருக்குப் போனார்களா, யாருக்குத் தெரியும்? அவர்களுடைய பாட்டையும் அவள் கேட்டிருக்கவில்லை.

எழுந்து நேராகப் பேச்சிமுத்துவின் கூட்டம் தங்கியிருந்த வீட்டுக்குப் போனாள். ஜெயித்தவன் வீடு கலகலப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். அவனோ வாசற்படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"நல்லவேளை, நீங்களே வந்தீர்கள் அம்மா. நானே வருவதாக இருந்தேன். எங்களை எந்தப் பாட்டுக்காக எடுத்தீர்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்."

உமையாளின் கண் அவன் இடுப்புக்குப் போயிற்று.

"பாட்டுக்காகவா, இல்லை இதற்காகவா?" என்று அவன் இடுப்பில் இருந்த கந்தலைக் காட்டினான். "இது எங்கள் வழக்கமான உடுப்பு இல்லை. நாங்கள் கயிறு திரிக்கிறவர்கள். எங்களுக்கும் வெளுத்த வேட்டி இருக்கிறது. இந்த வருஷம் அம்மாவுக்குப் பட்டைக் கண்டால் ஆகாது, ஏழைகளைத்தான் எடுப்பார்கள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டார்கள். அதனால் ஆளுக்கு ஒரு நல்ல வேட்டியைக் கல்லில் தேய்த்துக் கிழித்தோம். முழவுக்கு ஒட்டும் நாங்களே போட்டோம். எடுத்துவிட்டீர்கள். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நேற்றிலிருந்து எங்களில் ஒருவன்கூடப் பாடவில்லை. எங்கள் பாட்டு எப்படி என்று இன்னும் எங்களுக்குத் தெரியாதே."

தோற்றவளும் ஒன்றைத்தான் கேட்டாள். ஜெயித்தவனும் அதையேதான் கேட்டான். இரண்டு பேருக்கும் சொல்ல உமையாளிடம் ஒன்றும் இல்லை.

அங்கிருந்து அவள் அரண்மனைக்குப் போனாள். ராஜாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். மறுபடியும் இரண்டு கூட்டத்தையும் கேட்க வேண்டும் என்றாள்.

செங்கோடன் தாடியைத் தடவினான். "முரசு அறைந்தாயிற்றே அம்மா."

"முரசு பொய் சொல்லிவிட்டது, மகாராஜா. உமையாள் கேட்டுத் தேர்ந்தெடுத்தாள் என்று அறைந்தார்கள். நான் கேட்கவில்லை."

"ஊர் முன்னால் மூக்கறுபடுவீர்கள். போன வருஷத்துச் சிரிப்பே இன்னும் அடங்கவில்லை. இதிலும் சிக்கல் வந்தால் அடுத்த வருஷம் நான் வேறு ஆளைத்தான் வைக்க வேண்டியிருக்கும்."

"வையுங்கள். ஆனால் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நான் பாக்கி வைத்த வேலையை நான்தான் முடிக்க வேண்டும்."

பக்கத்தில் இருந்த மந்திரி ஒரு யோசனை சொன்னார். நடுவில் ஒரு திரையைக் கட்டிவிடலாம், ஆளே தெரியாது, பாட்டு மட்டும் கேட்கும் என்றார். உமையாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"திரை கட்டினால் காலடிச் சத்தத்தை வைத்து யார் என்று யோசிப்பேன். இருமலை வைத்து யோசிப்பேன். பேச்சை வைத்து எந்த ஊர் என்று யோசிப்பேன். என் புத்தி எனக்குத் தெரியும். அதற்கு வேறு கடிவாளம் வேண்டும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அதில் ஓர் அடியை எல்லார் முன்னாலும் நான் திருப்பிப் பாடுகிறேன். பாட வரவில்லை என்றால் நான் கேட்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பாட்டை மறுபடியும் பாடச் சொல்லுங்கள். வரும் வரைக்கும் சொல்லுங்கள்."

"நீங்களா? பாடவா?" என்றான் ராஜா. அவள் குரலை அவன் அறிவான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றான்.

அடுத்த நாள் காலையில் கடற்கரையில் ஊர் கூடிவிட்டது. உமையாள் பாடப்போகிறாள் என்ற செய்தி பரவியிருந்தது. பாட்டுக் கேட்க வந்தவர்களைவிட அதைக் கேட்க வந்தவர்கள்தான் அதிகம்.

முதலில் மரகதத்தின் கூட்டம் உட்கார்ந்தது. அதே நீலம், அதே சிவப்பு, அதே சேலை. முதல் பாட்டை மரகதம் தொடங்கினாள்.

"நீலம் கரைச்ச கையில
நேத்து வானம் ஒட்டிக்கிச்சு
கழுவிக் கழுவிப் பாக்குறேன்
கடலுக்குத்தான் போயிருச்சு"

பாட்டு முடிந்ததும் உமையாள் எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் இரண்டு வரியைத் திருப்பிப் பாடினாள். கிணற்றுச் சகடை சுற்றியது. கரை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. மீன்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், அரண்மனைப் பாடகர்கள் பொத்தவில்லை. உமையாளின் காது சிவந்துவிட்டது. ஆனால் மெட்டு சரியாக இருந்தது. மரகதம் தலையை அசைத்தாள்.

இரண்டாம் பாட்டில் மூன்றாவது அடி உமையாளுக்குக் கிடைக்கவில்லை. மறுபடியும் பாடச் சொன்னாள். மறுபடியும் கேட்டபோது காரணம் தெரிந்தது. அந்த இடத்தில் சின்னத் தம்பி முழவை ஓங்கி அடித்தான். சொல் அதற்குள் முழுகிப்போயிற்று. சொல்லைப் பிடித்து, பாடிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். மூன்றாம் பாட்டு முடிவதுபோல முடிந்து, மறுபடியும் தொடங்கி, மறுபடியும் முடிந்தது. அதையும் பாடிக் காட்டினாள். இப்போது சிரிப்பு குறைந்திருந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று ஜனங்கள் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பிறகு பேச்சிமுத்துவின் கூட்டம் வந்தது. வெளுத்த வேட்டியும் வாரிய தலையுமாக வந்தார்கள். இவனா அவன் என்று சிலர் எட்டிப் பார்த்தார்கள். முதல் பாட்டு நன்றாக இருந்தது, உமையாள் திருப்பிப் பாடினாள். இரண்டாம் பாட்டு சுமாராக இருந்தது, அதையும் திருப்பிப் பாடினாள். மூன்றாவதாக ஒரு பாட்டு எடுத்தார்கள். கயிறு திரிக்கிறவர்கள் இழையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பார்களே, அந்த நடையில் கட்டிய பாட்டு.

"பின்னால போறேன் பின்னால போறேன்
முன்னால நீளுது கயிறு"

உமையாள் எழுந்து பாடிப் பார்த்தாள். இரண்டாம் வரியில் இடறிவிட்டாள். தாளம் ஓரிடத்திலும் சொல் ஓரிடத்திலும் விழுந்தது.

"அது உங்கள் தவறில்லை" என்றார் அருகில் இருந்த அரண்மனைப் பாடகர். "அவர்கள்தான் தாளம் தப்பிவிட்டார்கள். ஒரு தட்டுக் குறைகிறது."

உமையாளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நொடியில் அவள் மனதுக்குள் ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்தது. தாளம் தப்பியவர்களைத் தள்ளிவிடலாம். மரகதத்துக்குக் கொடுத்துவிடலாம். செய்த தவறை ஊர் முன்னால் திருத்திக்கொண்டாள் என்று எல்லாரும் புகழ்வார்கள். அந்தப் பெண்ணும் தம்பிகளும் சாயத்தொட்டிக்குத் திரும்ப வேண்டியதில்லை. நமக்கும் உறுத்தல் தீர்ந்துவிடும். எவ்வளவு நல்ல முடிவு.

கேட்கிறவர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். முதல் வருஷம் பட்டு அவளை இழுத்தது. இரண்டாம் வருஷம் கந்தல் இழுத்தது. இப்போது அவளுடைய வெட்கமே அவளை இழுத்தது. மூன்றுக்கும் பாட்டோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆனால் அந்த அடியை அவள் இன்னும் திருப்பிப் பாடவில்லை. பாட வராவிட்டால் கேட்கவில்லை என்று அர்த்தம். சொன்னது அவள்தான்.

"மறுபடியும் பாடுங்கள்" என்றாள்.

பாடினார்கள். அவள் எழுந்து பாடினாள். அதே இடத்தில் மறுபடியும் இடறினாள். ஊர் கைகொட்டிச் சிரித்தது. பேச்சிமுத்து சிரிக்கவில்லை. அவன் கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

உமையாள் மணலில் அப்படியே நின்றாள். ஒன்று அவளுக்குப் பிடிபட்டது. தவறு என்றால் ஒரு தடவை இங்கே வரும், ஒரு தடவை அங்கே வரும். இவர்கள் இரண்டு தடவையும் ஒரே இடத்தில், நான்கு பேரும் சேர்ந்தே ஒரு தட்டைக் குறைத்தார்கள். அப்படியென்றால் இது தப்பியது இல்லை, வேண்டுமென்றே வைத்தது. தான் கற்ற தாளத்தை வைத்துக்கொண்டு அவள் எட்டாவது தட்டுக்குக் காத்திருந்தாள். பாட்டிலோ ஏழுதான் இருந்தது.

"இன்னும் ஒரு தடவை" என்றாள்.

மூன்றாம் தடவை பாடும்போது அவள் எட்டாவது தட்டைத் தேடவில்லை. பின்னோக்கி வைக்கிற கால் தரையைத் தொடும் முன்பே அடுத்த அடி தொடங்கிவிடுகிறது. நடப்பவன் தயங்குகிறான், கயிறு தயங்கவில்லை. அதைத்தான் அந்தக் குறைந்த தட்டு சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. அவள் எழுந்து பாடினாள். குரல் அதே சகடைக் குரல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் போய் விழுந்தது. பேச்சிமுத்துவும் கூட்டாளிகளும் தங்களை மறந்து அடுத்த வரியை அவளோடு சேர்ந்து பாடினார்கள். கரையில் யாரும் சிரிக்கவில்லை. மணலில் உட்கார்ந்திருந்த ஒரு வலைக்காரர் தொடையில் ஏழு ஏழாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உமையாள் ராஜாவின் பக்கம் திரும்பினாள். "பேச்சிமுத்துவின் கூட்டம்" என்றாள்.

கரையில் சலசலப்பு எழுந்தது. அதே தீர்ப்புத்தானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றார்கள் சிலர். பிடிவாதக்காரி, சொன்னதை மாற்றமாட்டாள் என்றார்கள் சிலர். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வைத்து இரண்டாம் தடவையும் அவமானப்படுத்திவிட்டாள் என்றார்கள் இன்னும் சிலர்.

ராஜாவும் கேட்டான். "முதலில் சொன்ன பெயரையே சொல்கிறீர்கள். என்ன வித்தியாசம் அம்மா?"

"முதலில் நான் கந்தலைத் தேர்ந்தெடுத்தேன், மகாராஜா. இன்று கயிற்றுப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறேன். பெயர் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். முதலில் சொன்னது தற்செயல்."

பிறகு அவள் மணலில் இறங்கி மரகதத்திடம் போனாள். மரகதத்தின் முகம் வாடித்தான் இருந்தது. தோற்றவர்கள் முகம் வேறு எப்படி இருக்கும்? உமையாள் அவள் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"பாட்டு உங்களுக்கு வரும், மரகதம். சொல் கட்ட உனக்குத் தெரிகிறது. அந்த நீலப் பாட்டு இனி என் நாக்கை விட்டுப் போகாது. இரண்டாம் பாட்டில் மூன்றாவது அடியில் உன் தம்பி முழவை ஓங்குகிறான், உன்னுடைய நல்ல சொல் அங்கேதான் இருக்கிறது, யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாம் பாட்டை முடிக்க உனக்கு மனம் வரவில்லை. முதல் முடிவிலேயே விட்டுவிடு. பிறகு, மூன்று பேரும் எப்போதும் சேர்ந்தே பாடுகிறீர்கள். ஒருவர் பாடும்போது மற்ற இருவர் சும்மா இருந்து பாருங்கள்."

மரகதம் அப்போதே அந்த மூன்றாவது அடியை முழவு இல்லாமல் மெல்லப் பாடிப் பார்த்தாள். பாடிவிட்டுச் சின்னத் தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அம்மா சொல்வது சரிதான்" என்றாள் மரகதம், பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "நான் கேட்க வந்தது இதைத்தான். எடுத்திருந்தாலும் இதைக் கேட்டிருப்பேன். நாங்கள் போய்வருகிறோம்."

பேச்சிமுத்துவின் கூட்டம் கடல் விழாவில் பாடியது. நீர் ஏறிக் கப்பல் கிளம்பும் வரைக்கும் யாரும் பாயைச் சுருட்டவில்லை. கயிற்றுப் பாட்டை ஊரே இரண்டு தடவை கேட்டு வாங்கியது.

மரகதமும் தம்பிகளும் அதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வழியில் ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தபோது, அதுவரை உம்மென்று வந்த சின்னத் தம்பி முழவை எடுத்து மடியில் வைத்தான். தலையில் இருந்த நீலத் தலைப்பாகையை அவிழ்த்து நான்காக மடித்து அதன் மேல் போட்டான். விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்த இரண்டாம் பாட்டை எடு அக்கா" என்றான்.

கேட்டவர்களே, கதை இவ்வளவுதான், இதில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்றுதான்: ஆளின் பட்டையோ கந்தலையோ பார்த்துச் சொல்லும் தீர்ப்பு சரியாகவே அமைந்தாலும் அது நியாயம் ஆகாது, பாட்டை முழுதாகக் காதில் வாங்கிய பிறகு சொல்வதே நியாயம்.